பார்த்த படத்தைப் பற்றி ஜாலியாக நாலு வரி எழுதுவது எப்படி?

"திரைக்கதையைத் தேடிக்கிட்டே இருக்கேன்." "பாப்கார்ன் மட்டும்தான் நல்லா இருந்துச்சு." "டைரக்டர் தூக்கத்துல எடுத்திருப்பார் போல." இந்த மூன்று வரியையும் எந்த மோசமான படத்தின் மேலும் ஒட்டலாம். யாரும் சிரிக்காததற்குக் காரணமும் அதுதான். நீங்கள் எழுதிய கிண்டலில் படத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடலாம். அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும் வரிதான் சிரிப்பையும் தரும், படம் எப்படி என்பதையும் சொல்லும். அப்படி ஒரு வரி உட்கார்ந்து யோசித்தால் வராது, படத்தைக் கவனித்துப் பார்த்தால்தான் வரும்.

எனவே வேலை பார்க்கும்போதே தொடங்குகிறது. தியேட்டரில் போனை எடுத்துக் குறிப்பு எழுதாதீர்கள், பக்கத்து சீட்காரர் கண்ணைக் கூசும். இடைவேளையில் இரண்டு, படம் முடிந்ததும் மூன்று என மொத்தம் ஐந்து குறிப்பு போதும். கதைச் சுருக்கம் இணையத்தில் எப்படியும் கிடைக்கும், அதைக் குறிக்க வேண்டாம். எங்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், எங்கே அரங்கம் சிரித்தது, எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வந்தது, எந்த வசனம் காதிலேயே நின்றது, முக்கியப் பாத்திரத்துக்குப் பிரச்சினை எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது? கடைசிக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் எழுதுங்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் ஐம்பது நிமிடம் ஓடியும் நாயகனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், 'முதல் பாதி இழுவை' என்று சொல்வதைவிட அந்த ஐம்பதைச் சொல்வது வலுவானது. 'ஹீரோவுக்கு என்ன பிரச்சினைன்னு அவருக்கே ஐம்பதாவது நிமிஷத்துலதான் சொல்றாங்க' என்றால் படிப்பவருக்குச் சிரிப்பும் வரும், தகவலும் கிடைக்கும்.

எண்ணினால் சிரிப்பு வரும் விஷயங்கள் படத்துக்குப் படம் இருக்கும். ஸ்லோமோஷனில் எத்தனை முறை நடந்தார், சரியான நேரத்தில் எத்தனை போன் செத்தது, எத்தனை பேர் கதவுக்குப் பின்னால் நின்று ரகசியம் கேட்டார்கள் என்று எண்ணலாம். ஆனால் எண்ணை இட்டுக்கட்டாதீர்கள். பதினொன்று என்று எழுதினால் பதினொன்றாகவே இருக்க வேண்டும். படம் பார்த்த இன்னொருவர் எண்ணிப் பார்த்து நாலுதான் என்று கண்டுபிடித்தால், அந்தப் பதிவில் மற்ற கருத்துகள் மேலும் நம்பிக்கை போய்விடும். மிகைப்படுத்த வேண்டுமென்றால் நூறு, ஆயிரம் என்று யாரும் நம்பாத அளவுக்குப் போய்விடுங்கள். நம்பும்படியான பொய் எண்தான் ஆபத்து.

எழுதும் நேரமும் முக்கியம். படம் முடிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கச்சா வடிவத்தைக் கொட்டிவிடுங்கள், அடுத்த நாள் திருத்துங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் உங்கள் கருத்தும் மற்றவர்கள் எழுதியதும் கலந்து, எது யாருடையது என்றே தெரியாமல் போகும்.

குற்றம் யாருடையது?

ஜாலி விமர்சனங்களில் அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. படத்தில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் அந்த உறுத்தல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமலே கிண்டல் கிளம்பிவிடுகிறது.

வீட்டில் பார்க்கும்போது முதல் சந்தேகம் உங்கள் டிவி மேல் இருக்கட்டும். திரைப்படங்கள் வழக்கமாக நொடிக்கு 24 ஃப்ரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுகின்றன. பல டிவிகள் இடையில் இல்லாத ஃப்ரேம்களைத் தாமாகவே உருவாக்கி நுழைக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் என்று பெயர் வேறு வேறாக இருந்தாலும் வேலை இதுதான். இதனால் நூறு கோடியில் எடுத்த காட்சியும் ஸ்டூடியோ செட்டில் வீடியோ கேமராவில் எடுத்த மெகா சீரியல் போலத் தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே ஒரு வீடியோ போட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். 'சீரியல் மாதிரி எடுத்திருக்காங்க' என்று எழுதும் முன் செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். படத்துக்கான தனி மோட் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இருட்டுக் காட்சிகளும் அப்படித்தான். 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனின் இரவுப் போர் எபிசோடில் ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பார்ப்பவர்களின் திரை அமைப்பும் ஸ்ட்ரீமிங்கில் படம் சுருக்கப்படுவதும் காரணம் என்றார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீட்டில் பார்ப்பதற்காகவே எடுத்த தொடர் வீட்டில் தெரியாவிட்டால் எடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இணையம் திணறும் நேரத்தில் போனில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் கிண்டல் செய்வது நியாயமில்லை. விளக்கை அணைத்து, வீடியோ தரத்தை உயர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வசனம் கேட்கவில்லை, பின்னணி இசை மட்டும் காதைக் கிழிக்கிறதா? ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஹெட்போன் போடுங்கள். அதன் பிறகும் நாயகன் முணுமுணுத்தால் தாராளமாகக் கிண்டலடிக்கலாம்.

டப்பிங் பதிப்பில் பார்த்துவிட்டு நடிகரின் நடிப்பை எடை போடக்கூடாது. நீங்கள் கேட்டது வேறொருவர் குரல். ஒரு முக்கியக் காட்சியையாவது மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள், அல்லது டப்பிங்கில் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். 1.5 வேகத்தில் ஓட்டியவர்கள் படத்தின் வேகத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, எடிட்டிங்கைப் பற்றியும்தான்.

இன்னொன்று, பெயர்கள். கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் மூன்று பேர் எழுதியிருக்கலாம். அபத்தமான வசனத்துக்குக் கதாசிரியரைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது. டைட்டில் கார்டைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

வெப் சீரிஸுக்குத் தனிக் கணக்கு

படத்தின் நீளம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும், தொடருடையது தெரியாது. எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம் என்றால் ஆறு மணி நாற்பது நிமிடம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். படிப்பவர் முடிவெடுக்கப் போவது அந்த நேரத்தை வைத்துத்தான்.

எத்தனை எபிசோட் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். நாலில் நிறுத்தியது குற்றமில்லை. எங்கே, ஏன் நிறுத்தினீர்கள் என்பதே நல்ல விமர்சனம். நாலு பார்த்துவிட்டு எட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்வதுதான் தப்பு.

2013-ல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு தொடரின் 13 எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டதிலிருந்து, ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் பரவலானது. ஒரே மூச்சில் பார்த்தால் நடுவில் தொய்வு பளிச்சென்று தெரியும். எட்டு எபிசோட் தொடர்களில் பெரும்பாலும் நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் வண்டி நின்றுவிடும். ஒரு படத்துக்குத் தேவையான கதையை எட்டாக இழுத்ததுதான் வழக்கமான காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எபிசோடின் கடைசி நிமிடத்தையும் அடுத்ததன் முதல் மூன்று நிமிடத்தையும் கவனியுங்கள். துப்பாக்கி நெற்றியில் வைத்து முடித்துவிட்டு, அடுத்ததில் 'சும்மா மிரட்டினேன்' என்று ஆரம்பித்தால் அது ஏமாற்று. இரண்டு முறை நடந்தால் எழுத வேண்டிய கிண்டல் உங்கள் கையில் வந்துவிட்டது.

ஒரு பத்தி எப்படி உருவாகிறது

கற்பனையாக ஒரு க்ரைம் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் வடிவம் இப்படி இருக்கும்:

"த்ரில்லர் ரசிகர்களுக்குப் பிடிக்கும். நடிப்பு அருமை. நடுவுல கொஞ்சம் இழுவை. இன்ஸ்பெக்டர் கேரக்டர் வேற லெவல். ஒருமுறை பார்க்கலாம்."

இதில் எந்தத் தொடர் என்றே தெரியவில்லை. குறிப்புகளைப் புரட்டினால் சுவரில் போட்டோக்களை ஒட்டிச் சிவப்பு நூல் கட்டும் காட்சி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதைப் பிடித்து எழுதினால்:

"இன்ஸ்பெக்டர் சுவர் முழுக்க போட்டோ ஒட்டி சிவப்பு நூல் கட்டுறாங்க. அஞ்சாவது எபிசோடுல சிவப்பு தீர்ந்து பச்சை நூலுக்கு மாறிட்டாங்க, கொலைகாரன் போட்டோ மட்டும் இன்னும் சுவருக்கே வரலை."

சிரிப்பு வருகிறது. ஆனால் சுவரில் இருக்கும் யாரும் கொலையாளி இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், ஐந்து எபிசோடின் சஸ்பென்ஸ் போய்விட்டது. நல்ல ஜோக்குக்குள் ஒளிந்திருக்கும் இந்த மாதிரி ஸ்பாய்லர்தான் எழுதியவர் கண்ணுக்கே படாது. கடைசிப் பகுதியை மாற்ற வேண்டும்:

"எட்டு எபிசோட், ஆறு மணி நாற்பது நிமிஷம். மலையடிவார ஊர்ல ஒரு கொலை. விசாரிக்க வர்ற இன்ஸ்பெக்டருக்கும் அவங்க மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சுவர் முழுக்க போட்டோ ஒட்டி சிவப்பு நூல் கட்டுறாங்க. அஞ்சாவது எபிசோடுல சிவப்பு தீர்ந்து பச்சைக்கு மாறிட்டாங்க, கேஸ் மட்டும் அதே இடத்துல நிக்குது. நாலுலேர்ந்து ஆறு வரை துணி மடிச்சுக்கிட்டே பார்க்கலாம். ஆனா மூணாவதுல அம்மாவும் பொண்ணும் ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டு முடிக்கிற காட்சி இருக்கே, அதுக்கு மட்டும் போனைக் கீழே வெச்சிருங்க."

நீளம், கதையின் தொடக்கம், கிண்டல், எச்சரிக்கை, பாராட்டு எல்லாம் அறுபது சொல்லுக்குள் வந்துவிட்டன. பாராட்டு கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். கிண்டலில் முடிந்த பத்தி படத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறது, பாராட்டில் முடிந்த பத்தி பார்க்கச் சொல்கிறது. உங்கள் தீர்ப்பு எதுவோ அது கடைசியில் வரட்டும். ஒரு படத்துக்கு 150 சொல், தொடருக்கு 200 சொல் போதும். அதற்கு மேல் போனால் அது வேறு வகை எழுத்து.

சிரிப்பு வரவேண்டிய சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கட்டும். தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால் இது நமக்கு இயல்பாகவே அமைகிறது. அந்த வினைக்குப் பிறகு விளக்கம் சேர்க்கும்போதுதான் கெடுகிறது. 'கேஸ் மட்டும் அதே இடத்துல நிக்குது' என்றதும் முற்றுப்புள்ளி வையுங்கள். 'அவ்வளவு மெதுவாப் போகுதுன்னு சொல்ல வர்றேன்' என்ற வரி ஜோக்கைக் கொன்றுவிடும், மூன்று ஆச்சரியக்குறியும் சிரிக்கும் பொம்மைப் படமும் அப்படித்தான். ஒரு பத்தியில் மூன்று ஜோக் வந்திருந்தால் நடுத்தரமானதை வெட்டுங்கள். உரக்கப் படித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பத்திக்குள் மாறிமாறித் தாவாதீர்கள். வேண்டுமென்றே கிண்டலுக்காக ஒரு வரியை மட்டும் செந்தமிழில் போடலாம், அது அழகாக வேலை செய்யும்.

தொடக்கூடாத இடம்

நடிகரின் உடல், நிறம், வயது, பல்வரிசை எதுவும் கிண்டலுக்குரியதல்ல. அது நாகரிகமும் இல்லை, விமர்சனமும் இல்லை. அறுபது வயது நடிகர் கல்லூரி மாணவராக வந்தால், அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்த முடிவைக் கிண்டலடியுங்கள். 'காலேஜ்ல பிரின்சிபாலே இவருக்கு எழுந்து நிக்கிறார்' என்பது முடிவின் மேல் விழும் அடி. முகச் சுருக்கத்தைப் பற்றி எழுதினால் மனிதர் மேல் விழுகிறது.

ஸ்பாய்லரில் நேரடியானவை எல்லோருக்கும் தெரியும். மறைமுகமானவைதான் தொல்லை. 'க்ளைமாக்ஸ் ட்விஸ்ட்டை எதிர்பார்க்கவே இல்லை' என்றாலே படிப்பவர் முழுப் படத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். சிறப்புத் தோற்றத்தில் யார் வந்தார் என்பது, 'ரெண்டாவது சீசனுக்குக் காத்திருக்கேன்' என்று பிழைத்தவரின் பெயரோடு எழுதுவது, இவையும் அந்த வகைதான். கதையை முதல் கால் பங்குக்கு மேல் தொடாதீர்கள். தொடரென்றால் முதல் எபிசோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கொடுப்பதானால் அளவுகோலை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பலர் மார்க் என்று நினைக்கிறார்கள். அது எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு. எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் அங்கே 100 வாங்கிவிடலாம். ஐந்துக்கு மூன்றரை என்பதைவிட 'தியேட்டர்', 'வீட்டில்', 'வேறு வேலை செய்துகொண்டே', 'வேண்டாம்' என்ற நாலு பெட்டிகள் படிப்பவருக்கு அதிகம் உதவும்.

பல படங்களை ஒரே பதிவில் தொகுக்கும்போது ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது சிறந்ததை முதலில் வையுங்கள், மிகச் சிறந்ததைக் கடைசியில். திட்டு வாங்கப் போகும் படம் நடுவில் இருக்கட்டும். இரண்டு த்ரில்லர் அடுத்தடுத்து வந்தால் ஜோக்குகள் ஒன்றையொன்று தின்னும், நடுவில் ஒரு காமெடியையோ ஆவணப்படத்தையோ செருகுங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயர், மொழி, ஆண்டு, எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்பது ஒரு வரியில் இருக்கட்டும். தளம் அடிக்கடி மாறும் என்பதால் வெளியிடும் நாளன்று ஒருமுறை தேடிச் சரிபார்த்துவிடுங்கள்.