செவிலியர் வினாப்பட்டியலைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிக்காகச் செவிலியர் எந்த அளவுக்குப் பேசுகிறார், தலையிடுகிறார் என்று அளக்க ஆங்கிலத்தில் வினாப்பட்டியல்கள் உண்டு. ராபர்ட் ஹேங்க்ஸ் 2010இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று. நெல்லைச் சீமைக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவர நினைத்தால், முதலில் உருவாக்கியவரிடம் அனுமதி வாங்குங்கள்.

பெரிய சறுக்கல் ‘அட்வகேட்’ என்ற சொல்லில்தான். ‘வழக்குரைஞராகச் செயல்படுகிறேன்’ என்று தமிழாக்கி, இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கினால், அச்சுப் பிசகாமல் ‘அட்வகேட்’ என்றே வரும். நாங்களும் அதை நம்பித்தான் இருந்தோம். பாளையங்கோட்டையில் இரவுப் பணி முடித்து வந்த சீனியர் அக்கா ஒருவர், அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்: “டாக்டர்ட்ட வக்கீல் மாதிரி வாதாடணும்ங்கியளா மேடம்? மெமோல்லா வரும்!” ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் அடித்தார். ஆபரேஷன் முடிந்த பாட்டிக்கு வலி அடங்கவில்லை என்று, முந்தின ராத்திரி டூட்டி டாக்டரை மூன்று தடவை போனில் எழுப்பியவர் அவர்.

‘பரிந்து பேசுகிறேன்’ என்று மாற்றினோம். சிலருக்கு அதில் சிபாரிசு வாடை அடித்தது, தெரிந்தவருக்கு பெட் வாங்கித் தருவதுபோல. ‘நோயாளியால் சொல்ல முடியாததை மருத்துவரிடம் எடுத்துச் சொல்கிறேன்’ என்று செயலையே எழுதிய பிறகுதான் கேள்வி போய்ச் சேர்ந்தது.

வினாப்பட்டியலை வேறு மொழிக்குக் கொண்டுபோக பீட்டன் குழுவினர் 2000இல் தந்த வழிமுறை, திரும்ப மொழிபெயர்த்து நிபுணர் குழு பார்த்த பிறகும் 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. அங்கே ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். நிபுணர் குழுவில் வார்டில் நிற்கும் செவிலியரும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘நோயாளியின் முடிவை மதிக்கிறேன்’ என்ற வரியைப் படித்ததும், ‘யார் முடிவு? அவரா, மகனா?’ என்று கேட்கத் தெரிந்தவர் அவர்தான்.

‘பேசத் தயங்குவதில்லை’ போன்ற எதிர்மறை வரிகளும் ஆபத்து. தயங்காத இருவரில் ஒருவர் ‘ஆமா, தயங்க மாட்டேன்’ என்றும், மற்றவர் ‘இல்ல, தயங்க மாட்டேன்’ என்றும் நினைத்து எதிரெதிர்க் கட்டத்தில் குறிப்பார்கள். தாளைக் கண்காணிப்பாளர் கையால் கொடுத்து வாங்காதீர்கள். மெமோ பயம் இருக்கும் இடத்தில் உண்மை வராது.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான க்ரோன்பாக் ஆல்பா 0.9 வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது இன்னொரு தவறு. ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டாலும் அது ஏறும். காரணிகளை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து போகும் கேள்விக் கூட்டங்களை, கண்டுபிடித்த அதே ஆட்களின் பதிலை வைத்தே அவற்றை உறுதிப்படுத்தவும் கூடாது. பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்து அதே செவிலியர்களிடம் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் வார்டு மாறிப்போவார்கள், ஆகவே டூட்டி அட்டவணையை முதல் நாளே வாங்கி வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம், இரண்டு தாளையும் பொருத்திப் பார்க்க அவரவருக்கு மட்டும் தெரிந்த ஒரு குறியெண் போதும்.