அம்மாவின் விசிடி படங்களைப் புது ரிவியில் போட
அம்மா சேர்த்த விசிடிகளை அவரின் நினைவு நாளில் குடும்பமாகப் பார்க்கப் பழைய பிளேயர் தேவையில்லை. கொம்பியூட்டரில் சீடியைப் போட்டு, 'எம்பெக்ஏவி' (MPEGAV) ஃபோல்டரிலுள்ள பெரிய ஃபைலைக் கொப்பி பண்ணி, பெயரின் கடைசி 'டிஏடி'யை (.DAT) 'எம்பிஜி' (.MPG) என மாற்றிப் பென் டிரைவில் போடுங்கள். (கடைசி எழுத்துகள் தெரியாவிட்டால் விண்டோஸின் 'வியூ'வில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனை டிக் பண்ணுங்கள்.) உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற வகை வீடியோதான், பல ரிவிகளில் ஓடும்.

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கக் கடற்காற்றில் சீடி பூஞ்சணம் பிடித்து, கொப்பி பாதியில் நிற்கலாம். ஈரமான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே விழும், பிறகு படம் அந்த இடத்தில் சிக்கும்.

டிவிடிக்கு இது சரிவராது. அதன் ஃபைல் அமைப்பே வேறு, பலவற்றுக்குக் கொப்பி பண்ண விடாத பூட்டும் உண்டு.