எல்.எல்.எம். விண்ணப்பம்: பெரிய பெயரைத் தேடிப் போகாதீர்கள்

போன வாரம் கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றக் கண்டீனில் வைத்து ஒரு கனிஷ்ட சட்டத்தரணி, வெளிநாட்டில் எல்.எல்.எம். (சட்ட முதுமாணிப் பட்டம்) படிக்கப் போடும் தன் விண்ணப்பத்தைத் திறந்து காட்டினார். ரெபரன்ஸ் (பரிந்துரைக் கடிதம்) தருபவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு பேரும் ஜனாதிபதி சட்டத்தரணிகள், அதாவது ஜனாதிபதி நியமிக்கும் மூத்த சட்டத்தரணிகள். ஆறு வருடங்களுக்கு முன் நான் நிரப்பிய படிவத்தையே திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை, காலாவதியான கடவுச்சீட்டு போன்றவற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அவற்றை விடுகிறேன்.

பெரிய பெயரிடம் ரெபரன்ஸ் வாங்குவது

"யாருடைய ஜூனியர்?" என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கேள்வி. அந்தப் பழக்கத்திலேயே விண்ணப்பமும் போடுகிறோம். ஆனால் லண்டனிலோ பொஸ்டனிலோ விண்ணப்பத்தை வாசிப்பவருக்குக் கொழும்பில் யார் பெரியவர் என்று தெரியாது. இவர் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதுவாரா, தன் வாதத்தின் ஓட்டையைத் தானே கண்டுபிடிப்பாரா, கூடப் படித்தவர்களில் எந்த இடத்தில் இருந்தார், இவைதான் அவருக்குத் தேவை. அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தியவர்.

நான் என் சீனியரிடம் கேட்டேன். அவர் அன்பாகத்தான், "நீரே ஒன்று எழுதிக்கொண்டு வாரும், சைன் பண்ணித் தாறன்" என்றார். எழுதினேன், கடிதத் தலைப்பில் அச்சடித்துக் கையெழுத்தும் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, பல்கலைக்கழகம் என் கையால் கடிதத்தை வாங்காது, ரெபரன்ஸ் தருபவரின் மின்னஞ்சலுக்கு அதுவே ஒரு இணைப்பை அனுப்பும் என்று. சேருடைய மின்னஞ்சலைப் பார்ப்பது அவருடைய கிளாக். அந்த இணைப்பு ஸ்பாமில் கிடந்தது. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசித் திகதி முடிந்தது, விண்ணப்பம் முழுமையில்லை என்று தள்ளிவிட்டார்கள், கட்டிய பணமும் திரும்பவில்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அடுத்த முறைக்கு அதையும் திரும்ப எழுத வேண்டி வந்தது. ஒரு வருடம் முழுதாகப் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் ஒரு மாதத்தை விரல்விட்டு எண்ணுகிற ஆள் நான்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் பலன் இருந்திராது. ஒழுக்கமானவர், கடுமையாக உழைப்பவர் என்று எந்த ஜூனியருக்கும் பொருந்தும் நாலு வரிதான் அதில் இருந்தது. இன்னொன்று, உங்கள் கடிதத்தை நீங்களே எழுதுவது நேர்மையில்லாத வேலை. உங்கள் சுயவிவரக் கட்டுரையையும் அந்தக் கடிதத்தையும் ஒரே ஆள் ஒரே இருப்பில் வாசிக்கிறார், ஒரே கை எழுதியது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த வருடம், என் ஆய்வுக் கட்டுரையை மேற்பார்த்த விரிவுரையாளரிடம் போனேன். வெளியில் அவரைப் பலருக்குத் தெரியாது. இரண்டு மாதம் முன்னதாகவே ஆய்வுக் கட்டுரை, புள்ளிகள், நான் வரைந்த ஒரு எழுத்துமூல சமர்ப்பணம், விண்ணப்பிக்கும் பாடநெறிகள், கடைசித் திகதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுத்தேன். என் இரண்டாம் அத்தியாயம் முதலில் எவ்வளவு பலவீனமாக இருந்தது, அதை எப்படித் திரும்ப எழுதினேன் என்பதைத்தான் எழுதியதாகப் பிறகு சொன்னார். இடம் கிடைத்தது.

சரி, எல்.எல்.பி. (சட்ட இளமாணிப் பட்டம்) இல்லாமல் சட்டக் கல்லூரி வழியாக வந்தவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை இருக்காதே என்று கேட்பீர்கள். உங்கள் தாள்களைத் திருத்திய விரிவுரையாளரைத் தேடுங்கள். சீனியரிடம்தான் போக வேண்டுமென்றால், உங்கள் வரைவுகளைச் சிவப்புப் பேனாவால் கிழித்த சீனியரிடம் போங்கள், எதைக் கிழித்தார் என்று அவரால் எழுத முடியும். அதற்கு முன், பட்டம் இல்லாமல் தொழில்தகைமையை மட்டும் ஏற்பார்களா என்று அனுமதிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்காதீர்கள்.

"சிறு வயது முதலே நீதிக்காக…"

இப்படித் தொடங்கும் சுயவிவரக் கட்டுரையைத் தூக்கிப் போடுங்கள். உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத பொருள் இருக்கிறது. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) பொருந்தும் பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் அப்படி ஒரு காணி வழக்குக்குப் போயிருந்தால் அங்கேயிருந்து தொடங்குங்கள். ஆனால் தேசவழமை என்றால் என்ன என்று ஒரே வரியில் விளக்குங்கள், வாசிப்பவர் அந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டார்.

எந்த எல்.எல்.எம். ஆனாலும் நியூயோர்க் பார் (அங்கே சட்டத்தரணியாவதற்கான பரீட்சை) எழுதலாம் என்று நம்புவது

எழுத முடியாது. குறைந்தது 24 கிரெடிட் (பாட அலகு) வேண்டும், அமெரிக்காவிலேயே இருந்து படிக்க வேண்டும். அந்த 24க்குள் தொழில் ஒழுக்கம் 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, பார் பரீட்சைக்கு வரும் பாடங்கள் 6 அடங்க வேண்டும். வரிச் சட்டத்தையோ மனித உரிமையையோ மட்டும் எடுத்துக்கொண்டு போனால் இது பொருந்தாமல் போகலாம். உங்கள் உள்நாட்டுத் தகைமையையும் அங்குள்ள பார் பரீட்சைச் சபை தனியாகப் பார்க்கும், அதற்குச் சில மாதங்கள் எடுக்கும். இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும்.

பெறுபேற்றுப் பத்திரம்

பல இடங்களில் உங்கள் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். இன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

செவனிங்

இது பிரித்தானிய அரசு தரும் புலமைப்பரிசில். குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். ஜூனியராக வேலை செய்த நாட்களின் கணக்கை இப்போதே எழுதி வையுங்கள்.

குடும்பத்தோடு பிரித்தானியா போகலாம் என்ற நினைப்பு

2024 ஜனவரி 1 முதல், எல்.எல்.எம். போன்ற வகுப்பறைப் பட்டத்துக்குப் போகும் மாணவர், அரச புலமைப்பரிசில் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துணையையோ பிள்ளைகளையோ கூட்டிப்போக முடியாது. வீட்டில் இதை முதலே பேசுங்கள்.