குவில்ட் துணியில் கோடு போடுவதும் அதைப் போக்குவதும்

நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த என் முதல் போர்வையில், அதாவது குவில்டில், பழுப்பு நிறத்தில் பதினோரு கோடுகள் உண்டு. வெள்ளைக் காடாத் துணியில், தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து கையால் தைத்து முடித்தேன். லேசாகச் சுருங்கியிருக்கிறதே, ஒரு தேய் தேய்த்துவிட்டு அலசலாம் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். பெட்டி போன வழியெல்லாம் நீலம் பழுப்பானது. முதலில் தண்ணீரில் அலச வேண்டும், அதுவரை சூடு படக் கூடாது என்று பேனா அட்டையில் எழுதியிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தேன்.

ஜாக்கெட் தைக்கும்போது இந்தக் கவலை அதிகம் இருக்காது. கோடு பெரும்பாலும் துணியின் உள்பக்கம்தான் விழும், மடிப்புக்குள் மறைந்துவிடும். குவில்டில் அப்படி இல்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதற்கு வழிகாட்டும் கோடும் அங்கேதான் விழுந்தாக வேண்டும். போதாததற்கு, மேலே போட்ட மை கீழே இருக்கும் பஞ்சு வரைக்கும் இறங்கிவிடும்.

கோடே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி என்ற இனத்துப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையில் எதையும் வரைந்துகொள்வதில்லை. ஓரத்தில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை வைத்து வைத்து, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் வந்து முடிப்பார்கள். அந்தக் கை நமக்கு வரும்வரை கோடு தேவைதான்.

படி 1: அடுத்து இந்தத் துணிக்கு என்ன நடக்கப் போகிறது?

கடையில் எந்தப் பேனா நன்றாக எழுதுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். எல்லாமே நன்றாகத்தான் எழுதும். உங்களிடமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கோடு போட்டபின் இந்தத் துணியை மறுபடி தேய்க்க வேண்டியிருக்குமா? தைத்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? முடிந்ததும் தண்ணீரில் முக்க முடியுமா, அல்லது சாயம் போகும் சிவப்பு ஏதாவது உள்ளே இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி கருவிகள் தானாகவே கழிந்துவிடும். தேய்க்கும் வேலை பாக்கி இருந்தால் நீலப் பேனா வேண்டாம். ஒரு மாதம் கையால் தைக்கப் போகிறீர்கள் என்றால் தானாக மறையும் பேனா வேண்டாம். தண்ணீர் படக்கூடாத துணி என்றால் சாக், டேப், மையில்லாமல் அழுத்திப் போடும் கீறல், இவை மட்டும்தான்.

படி 2: எதனால் போகும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

தட்டினால் போவது. டெய்லர் சாக் எல்லாருக்கும் தெரியும். முக்கோணமாகவோ சதுரமாகவோ இருக்கும். ஓரத்தைப் பிளேடால் சீவிக்கொண்டால் மெல்லிய கோடு விழும். வாங்கும்போது விரலில் தேய்த்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் நல்லது. வழவழவென்று மெழுகு போல ஒட்டினால் பருத்தித் துணிக்கு வேண்டாம், ஏனென்றால் சூடு பட்டதும் மெழுகு உருகி எண்ணெய்க்கறை போல உள்ளே இறங்கிவிடும். பேனா வடிவில், நுனியில் குட்டிச் சக்கரம் வைத்து, உள்ளே சாக் தூள் நிரப்பிய கருவியும் உண்டு. க்ளோவர் நிறுவனத்தின் சாகோ லைனர் இந்த வகை. கோடு மிக மெல்லியதாக விழும், அடர்நிறத் துணிக்கு அருமை. ஆனால் மடித்து வைத்தாலே பாதி உதிர்ந்துவிடும் என்பதால், தைக்கப் போகும் பகுதிக்கு மட்டும் அவ்வப்போது போட்டுக்கொள்ள வேண்டும். நிறச் சாக்கை, குறிப்பாக மஞ்சளையும் சிவப்பையும், வெள்ளைத் துணியில் நம்ப வேண்டாம்.

எங்கள் தெரு டெய்லர் அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கரைஞ்சுபோன சோப்புத் துண்டு வீட்ல இருக்கும்லம்மா, அதைக் காயவச்சு எடுத்துக்கோங்க" என்றார். உண்மைதான். தேய்ந்து மெலிந்த குளியல் சோப்பு, கறுப்பிலும் கருநீலத்திலும் வெள்ளைக் கோடாகத் தெளிவாக விழும், துவைத்தால் போய்விடும். கிரீம் கலந்த சோப்பு மட்டும் கூடாது, பிசுக்கு நிற்கும்.

தண்ணீரில் போவது. நீலப் பேனா. வெளிர் துணிக்கும் நாள்பட்ட வேலைக்கும் இதுதான் என் முதல் தேர்வு, முதல் குவில்டில் பட்டபிறகும். கோடு தெளிவு, கை வைத்தாலும் அழியாது. சூடு மட்டும் ஆகாது. இஸ்திரி மட்டுமல்ல, மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் குவில்டை விட்டுவிட்டுப் போவதும் சூடுதான்.

காற்றில் போவது. ஊதாப் பேனா. ஒன்றிரண்டு நாளில் தானாக மறையும் என்று அட்டையில் இருக்கும். ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் மறையும். சென்னையில் காலையில் கோடு போட்டுவிட்டு, சமையலை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால் துணி துடைத்துவிட்டது போல இருக்கும். மெஷினில் உடனே ஓட்டிவிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதை எடுங்கள்.

சூட்டில் போவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லார் கையிலும் இதுதான் இருக்கிறது. இந்த வகையில் பிரபலமானது ஜப்பானின் பைலட் நிறுவனத்துடைய ஃபிரிக்‌ஷன் பேனா. 2006இல் சந்தைக்கு வந்தது, காகிதத்தில் எழுதி அழிப்பதற்காக. அதன் மையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நிறம் தரும் பொருள், அதை நிறமாகக் காட்டும் பொருள், வெப்பத்துக்கு ஏற்ப அந்த இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் பொருள் என மூன்று. சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்தக் கூட்டு பிரிந்து நிறம் மறைகிறது. மை எங்கும் போகவில்லை, துணியிலேயேதான் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வாக்கில் நிறம் திரும்ப ஆரம்பித்து, 20 டிகிரிக்குப் பக்கத்தில் முழுசாகத் திரும்பிவிடும்.

மதுரையில் இருக்கும்வரை இதனால் ஒன்றும் இல்லை. அதே குவில்டை ஜனவரியில் கனடாவிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினால், பார்சலைப் பிரிக்கும்போது நீங்கள் போட்ட கோடெல்லாம் அவளை வரவேற்கும். அவள் மறுபடி தேய்த்தால் போகும், பனியில் மறுபடி வரும். இன்னொரு சங்கடம் அடர்நிறத் துணி. சூட்டில் நிறம் மறைந்தபின் கோடு இருந்த இடத்தில் வெளிறிய தடம் நின்றுவிடுகிறது, அதைப் போக்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. ஆகவே இந்தப் பேனாவை நான் வெட்டும் கோட்டுக்கும், தையலுக்குள் மறையும் இடத்துக்கும் மட்டுமே வைத்திருக்கிறேன்.

போக்கவே வேண்டாதது. ஜப்பானியர்களின் ஹேரா என்ற கருவியில் மையே கிடையாது. வளைந்த மழுங்கிய ஓரத்தைத் துணியில் அழுத்தி இழுத்தால் மடிப்புத் தடம் போல ஒரு பளபளப்பான கோடு விழும். ஒரே நிறத் துணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். பூப்போட்ட துணியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிடைக்காவிட்டால் வெண்ணெய் தடவும் கத்தியின் முதுகு போதும். நேர்கோடுகளுக்குக் கால் அங்குல மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகவே தைக்கலாம். அன்றன்றைக்குப் பிரித்துவிடுங்கள், ஒரு ராத்திரி விட்டால் பசை துணியில் தங்கும்.

பென்சில்? பலர் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கூர்மையாகச் சீவி, தொட்டும் தொடாமலும் போட்டால் சரி. அழுத்திப் போட்ட பென்சில் கோடு பல துவையலுக்குப் பிறகும் நிற்கும். பால்பாயின்ட் பேனாவைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

படி 3: துண்டுத் துணியில் முழுக் கதையையும் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டுகிறோம். அதே துணியில் ஒரு சாண் துண்டு, அதே பஞ்சு, அதே அடித்துணி. மூன்றையும் சேர்த்து நாலு தையல் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சில்லாமல் வெறும் துணியில் செய்த சோதனை பாதிச் சோதனைதான், மை ஒளிந்துகொள்வதே பஞ்சில்தானே. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கருவியாலும் ஒரு கோடு போட்டு, எது எதனுடையது என்று தாளில் எழுதிப் பின் குத்திவையுங்கள்.

அப்புறம் குவில்ட் எத்தனை நாள் கிடக்குமோ கிட்டத்தட்ட அத்தனை நாள் துண்டும் கிடக்கட்டும். நேற்றுப் போட்ட கோடு சுலபமாகப் போகும், ஒரு மாதக் கோடு முரண்டு பிடிக்கலாம். பிறகு குவில்டுக்கு எந்த வரிசையில் செய்வீர்களோ அதே வரிசையில் செய்யுங்கள்: அலசல், காயவைத்தல், சோப்புத் தூளில் துவையல், கடைசியில் இஸ்திரி. சூட்டில் மறையும் பேனா என்றால் துண்டை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

படி 4: கோடு போடுதல்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். முதலில் துவைத்து, காயவைத்து, நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் வேலை இதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டால் மனசு நிம்மதி.

மேல்துணிக்கு அடியில் நைஸ் உப்புத்தாளை, சொரசொரப்பு மேலே இருக்கும்படி வைத்தால் துணி நகராது, இழுபடாது. ஹேராவுக்கு மட்டும் இது ஆகாது. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தால் நுனி நூலில் மாட்டித் துணியைச் சுருட்டும். கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். முழுக்கோடு எப்போதும் தேவையில்லை, நேர்கோட்டுக்கு விரற்கடைக்கு ஒரு புள்ளி வைத்தாலே கை தானாகப் போகும். மை குறைய, போக்கும் வேலையும் குறையும். வெள்ளை மைப் பேனா வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும்: போட்டவுடன் கோடு தெரியாது, சில நொடிகள் காய்ந்தபின்தான் வெள்ளையாக எழும். எழுதவில்லையே என்று அதன்மேலேயே திரும்பத் திரும்ப இழுத்துத் தடிமனாக்காதீர்கள்.

பூ, கொடி, மயில் என்று டிசைன் வேண்டுமானால் ஆரி வேலை செய்பவர்களின் வழி கைவசம் இருக்கிறது. டிரேஸிங் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போடுவார்கள். பிறகு ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சால் தேய்த்து டிசைனைத் துணியில் இறக்குவார்கள். நாம் துளை வரைக்கும் அவர்களைப் பின்பற்றலாம். நூல் கோர்க்காத மெஷின் ஊசியால் தாளின்மேல் ஓட்டினால் பத்து நிமிடத்தில் துளை தயார். மண்ணெண்ணெய்க் குழம்பை விட்டுவிட்டு, பழைய காலுறையில் சாக் தூளைக் கட்டி, தாளின்மேல் ஒத்தி ஒத்தி எடுங்கள். தாளைத் தூக்கினால் துணியில் புள்ளி புள்ளியாக மயில் நிற்கும். மூச்சுவிட்டாலும் கலையும் என்பதால் உடனே புள்ளிகளை இணைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: போக்குதல்

சாக் என்றால் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் நூலோட்டத்தின் திசையிலேயே தட்டிவிடுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டுமானால் அதற்குப் பிறகு. நேரடியாக ஈரம் பட்டால் தூள் குழைந்து நூலுக்குள் போகும்.

நீலப் பேனாவுக்கு ஸ்ப்ரே பாட்டில் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளித்தவுடன் கோடு மாயமாகும், சந்தோஷமாக இருக்கும். காய்ந்ததும் அதே இடத்தில் மங்கலாகத் திரும்பி வரும், அல்லது ஓரங்களில் நீல வளையம் தெரியும். காரணம் எளிது. கொஞ்சமாகத் தெளித்த தண்ணீர் மையைக் கரைத்துப் பஞ்சுக்குள் தள்ளியது. மேல்பக்கம் காயக் காய, ஈரம் மேலே ஏறி வரும்போது மையையும் கூட்டிக்கொண்டு வந்தது. எனவே குவில்டை முழுசாக முக்குங்கள். பெரிய பக்கெட் அல்லது டப், நிறையப் பச்சைத் தண்ணீர், சோப்பு கிடையாது, வெந்நீர் கிடையவே கிடையாது. அரைமணி ஊறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இப்படிச் செய்து, முறுக்காமல் பெரிய துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள். காய்ந்தபின் ஒரு கோடும் தெரியவில்லை என்றால்தான் சோப்புத் தூளும் மெஷினும்.

ஊதாக் கோடு மறைந்ததும் வேலை முடிந்தது என்று விடாதீர்கள். தானாக மறைந்த கோடு சோப்புத் தூளில் போட்டதும் மறுபடி எட்டிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். தேய்க்கும் முன், சோப்பு போடும் முன், இதற்கும் ஒரு பச்சைத் தண்ணீர் அலசல் கட்டாயம்.

பென்சில் கோட்டை மென்மையான வெள்ளை ரப்பரால் முதலில் எடுத்துப் பாருங்கள். மிச்சத்துக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பிரஷ்ஷால் மெதுவாக. அழுத்தித் தேய்த்தால் கோட்டோடு துணியின் மினுமினுப்பும் போகும். சூட்டில் மறையும் பேனாவுக்கு இஸ்திரி, அதையடுத்து ஒரு துவையல்.

சூடு பட்டுவிட்டது, இப்போது?

பயந்துபோய் ப்ளீச்சைத் தேடாதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறட்டும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி. வெள்ளைப் பருத்தி என்றால் அதற்கப்புறம் ஆக்ஸிஜன் வகைக் கறைநீக்கியைத் துண்டுத் துணியில் சோதித்துவிட்டு முயலலாம், சில சமயம் மங்கும். எனக்கு மங்கியதே தவிரப் போகவில்லை. கடைசியில் அதே பழுப்பில் ஆறிழை எம்ப்ராய்டரி நூல் வாங்கி, இரண்டு இழை பிரித்து, பதினோரு கோட்டின்மேலும் ஓடுதையல் போட்டேன். ஒரு கோட்டுக்கு ஒரு மாலை ஆனது.