வளாக வைஃபையில் விபிஎன்: கைவிட வேண்டிய பழக்கங்கள்

விடுதி நிரம்பும் மாதங்களில் வைஃபை இணைக்க உதவி கேட்டு வரும் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பாஸ்வேர்டைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

'சரிபார்க்க வேண்டாம்'

பல கல்லூரிகளில் பொதுவாக இருக்கும் எடுரோம் போன்ற வைஃபையில் இணையும்போது ஆண்ட்ராய்டு ஃபோன் 'சிஏ சான்றிதழ்' என்று கேட்கும். எதிரில் இருப்பது உண்மையான கல்லூரி சர்வர்தானா என்று ஃபோன் சரிபார்ப்பது அதை வைத்துத்தான். 'சரிபார்க்க வேண்டாம்' என்று தட்டினால் உடனே நெட் வந்துவிடும். அப்புறம், நெட்டில் போய்வரும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் விபிஎன்னைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் விபிஎன் வேலையைத் தொடங்குவதே நெட் கிடைத்த பிறகுதான். பாஸ்வேர்டுக்கு ஆபத்து அதற்கு முன்பே, இணையும்போதே வந்துவிடுகிறது.

ஒரு பயிற்சி வகுப்பில், அனுமதி வாங்கி, வளாக வைஃபையின் பெயரிலேயே ஒரு ரவுட்டரை மேசையில் வைத்தோம். ஒரு தம்பியின் ஃபோன் பைக்குள் இருந்தபடியே அதைத் தேடி வந்தது. அவருடைய பயனர்பெயரும் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட பதிலும் என் திரையில் விழுந்தன. "அண்ணா, நான் விபிஎன் எப்பவும் ஆன்லதான வெச்சிருக்கேன்!" என்றார். அந்தப் பதில் எம்எஸ்சாப் வி2 என்ற பழைய முறையில் உருவாவது. அதை ஒரே நாளில் உடைக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2012-இல் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டிலேயே காட்டிவிட்டார். மெயில், மதிப்பெண், கட்டணம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பாஸ்வேர்டுதான் என்றால் இழப்பு எவ்வளவு என்று யோசியுங்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. 'சரிபார்க்க வேண்டாம்' என்று தட்டச் சொன்னதே அந்தத் தம்பியின் கையிலிருந்த அலுவலக வழிகாட்டித் தாள்தான். 2020 டிசம்பரில் பிக்சல் ஃபோன்களிலிருந்து கூகுள் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. உங்கள் ஃபோனில் அது இருந்தாலும் தொடாதீர்கள். உங்கள் கல்லூரி 'கெட்எடுரோம்' ஆப்பில் இருந்தால் அதன் வழியே இணையுங்கள், சான்றிதழை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கணினிப் பிரிவில் சர்வரின் டொமைன் பெயரைக் கேட்டு வாங்கி, சிஸ்டம் சான்றிதழ்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரை நீங்களே நிரப்புங்கள். ஏற்கெனவே தவறாக இணைத்திருந்தால் பழைய இணைப்பை ஃபோனிலிருந்து அழியுங்கள். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இலவச விபிஎன்

ஃபேஸ்புக்கின் ஒனாவோ இலவசமாகக் கிடைத்த விபிஎன்தான். பயனர்கள் எந்தெந்த ஆப்களைத் திறக்கிறார்கள் என்பதை அது சேகரித்தது. 2018-இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து போய்விட்டது.

கல்லூரி விபிஎன்னில் டொரண்ட்

வேண்டாம். உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

இடையில் அறுந்துபோகும் விபிஎன்

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'எப்போதும் இயங்கும் விபிஎன்', 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' இரண்டையும் ஆன் செய்யுங்கள். உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபையில் மட்டும் இரண்டாவதை முதலில் அணைத்துவிட்டு, உள்ளே போனதும் திரும்பப் போடுங்கள்.