கவர்டு கால் ஃபண்டோட சார்ட்டைப் படிக்கிறப்போ பண்ற தப்புங்க

கவர்டு கால் ஃபண்டுன்னா, கையில இருக்கிற ஷேர் மேல கால் ஆப்ஷனை (குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கிற உரிமையை) வித்து, அதுல வர்ற காசையும் சேர்த்துப் பட்டுவாடா பண்ற ஃபண்டு. ஈடிவி, பிஎக்ஸ்எம்எக்ஸ், பிஎஸ்டி மாதிரி அமெரிக்கால ட்ரேட் ஆகுற குளோஸ்டு எண்ட் (யூனிட்டை ஃபண்டுகிட்ட திருப்பிக் குடுக்காம மார்க்கெட்ல விக்கிற) கவர்டு கால் ஃபண்டோட சார்ட்டைத் திறந்து, சாதாரண ஷேருக்குப் போடுற மாதிரியே ட்ரெண்ட்லைன், சப்போர்ட் (இறங்கினா வாங்க ஆள் வர்ற விலை), 200 நாள் ஆவரேஜ்னு எல்லாத்தையும் இழுத்துவிட்டு "டவுன்ட்ரெண்ட் பாஸ், தொடாதீங்க"ன்னு சொல்றவங்க நிறைய பேர். டெக்னிக்கலே பார்க்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரல, நானும் பார்க்கிற ஆள்தான். ஆனா இந்த ஃபண்டோட விலைக்குள்ள மூணு விஷயம் கலந்து கிடக்கு: உள்ள இருக்கிற சொத்தோட மதிப்பு, அதுக்கு மேலயோ கீழயோ மார்க்கெட் குடுக்கிற விலை, அப்பப்போ பட்டுவாடாவா வெளிய போற காசு. இதைப் பிரிச்சுப் பார்க்காம என்ன கோடு போட்டாலும் வேஸ்ட்.

முதல் தப்பு, எந்த சார்ட்டைப் பார்க்கிறோம்னே கவனிக்காம விடுறது. ஒரு ஃபண்டு 14 டாலர், மாசம் 10 சென்ட் தருதுன்னு வைங்க. வருஷத்துக்கு 1.20, கிட்டத்தட்ட 8.6 சதவீதம். எக்ஸ் டேட் (அன்னைலருந்து வாங்குறவங்களுக்கு அந்தத் தடவைக் காசு கிடைக்காது) அன்னைக்கு விலை அந்த 10 சென்ட்டைக் கழிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும், ஏன்னா அந்தக் காசு ஃபண்டை விட்டுப் போகப் போகுது. வருஷக் கடைசில விலை 13.50ன்னா சார்ட்டை மட்டும் பார்க்கிறவருக்கு 50 சென்ட் நஷ்டம், காசு வாங்கினவருக்கு 70 சென்ட் லாபம், அதாவது 5 சதவீதம். ஒரே ஃபண்டு, ஒரே வருஷம்தான்.

சரி, அப்போ டிவிடெண்ட் அட்ஜஸ்ட் பண்ண (குடுத்த காசுக்கு ஏத்தபடி பழைய விலையைக் குறைச்சுக் காட்டுற) சார்ட்டுக்கு மாறிடலாமேன்னா, ட்ரெண்ட் பார்க்க அது ஓகே, சப்போர்ட் பார்க்க சுத்தமா சரிவராது. இதே ஃபண்டு மூணு வருஷம் முன்னாடி 12 டாலர் வரைக்கும் இறங்கி அங்க வாங்க ஆள் வந்துச்சுன்னா, அட்ஜஸ்ட் ஆன சார்ட்ல அந்த லோ இன்னைக்கு 9 டாலர் பக்கத்துல தெரியும், ஒவ்வொரு மாசமும் இன்னும் கொஞ்சம் கீழ நகரும். 9 டாலர்ல அன்னைக்கு ஒருத்தர்கூட ட்ரேட் பண்ணல, அப்புறம் அங்க என்ன சப்போர்ட்? அதனால ட்ரெண்டுக்கு ஒரு சார்ட், லெவலுக்கு ஒரு சார்ட்னு ரெண்டையும் வச்சுக்கங்க.

200 நாள் ஆவரேஜும் இதே கதைதான். அது சராசரியா 100 ட்ரேடிங் நாள் பழைய விலையைக் காட்டுது, அதுக்குள்ள நாலஞ்சு தடவை காசு வெளிய போயிருக்கும். அந்தக் காலத்துல ஃபண்டு ஒண்ணும் சம்பாதிக்கல, ஒண்ணும் இழக்கலன்னாகூட விலை ஆவரேஜுக்கு 40, 50 சென்ட் கீழதான் இருக்கும், உடனே "பேரிஷ்" (இறங்குமுகம்)னு ஒரு லேபிள்.

அடுத்தது என்ஏவியை (ஒரு யூனிட்டுக்கு உள்ள இருக்கிற சொத்தோட மதிப்பை)த் திரும்பியே பார்க்காம இருக்கிறது, என்னைக் கேட்டா இதுதான் பெரிய தப்பு. குளோஸ்டு எண்ட்ல யூனிட் எண்ணிக்கை தினமும் கூடிக் குறையாது, அதனால விலை என்ஏவியை விட்டு ரொம்ப தூரம் போகலாம், இழுத்துட்டு வர ஈடிஎஃப்ல இருக்கிற மாதிரி ஏற்பாடு இங்க கிடையாது. விலை 15லருந்து 16.50 போய் ரெசிஸ்டன்ஸை (முன்னாடி ஏத்தம் நின்ன விலையை) உடைக்குது, வால்யூமும் நல்லா இருக்கு, என்ஏவி மட்டும் 15லயே உட்கார்ந்திருக்குன்னா உங்க பிரேக்அவுட்டுங்கிறது வெறும் 10 சதவீத பிரீமியம். உள்ள இருக்கிற ஷேர் எதுவும் ஏறல, வாங்குறவங்க ஜாஸ்தி விலை குடுக்கிறாங்க, அவ்வளவுதான். என்ஏவிக்குத் தனி சிம்பல் இருக்கு, ஈடிவிக்கு எக்ஸ்ஈடிவிஎக்ஸ். முதல்ல அதுல ட்ரெண்டைப் பாருங்க, அப்புறம் பிரீமியம் டிஸ்கவுண்ட் (விலை என்ஏவிக்கு எவ்வளவு மேல, கீழ இருக்குன்னு காட்டுற) சார்ட்டைப் போட்டு அந்த ஃபண்டோட சொந்த ஹிஸ்டரிக்கு இன்னைக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க, கடைசியா விலை சார்ட்டைப் பாருங்க. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க.

இண்டெக்ஸ்ல பழகின பேட்டர்னை இங்க எதிர்பார்க்கிறதும் தப்பு. கால் வித்தா ஏத்தத்துக்கு மேல ஒரு மூடி விழுந்துடும், இறக்கத்துல கிடைக்கிற பாதுகாப்பு அந்த ஆப்ஷன் பிரீமியம் (கால் வித்துக் கிடைச்ச காசு) அளவுக்கு மட்டும்தான். 2020ஐ எடுத்துக்கங்க. பிப்ரவரி 19லருந்து மார்ச் 23க்குள்ள எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவோட பெரிய கம்பெனிங்க இண்டெக்ஸ்) சுமார் 34 சதவீதம் விழுந்து, ஆகஸ்ட் 18ம் தேதியே புது உச்சத்துல குளோஸ் ஆச்சு. எஸ் அண்ட் பியை வச்சுக்கிட்டு மாசாமாசம் அட் தி மணி (அன்னைக்கு இருக்கிற விலையை ஒட்டின) கால் விக்கிற பிஎக்ஸ்எம் இண்டெக்ஸ் அந்த வருஷத்தை மைனஸ்லதான் முடிச்சது, எஸ் அண்ட் பியோ டிவிடெண்டோட சேர்த்து 18 சதவீதம் குடுத்துச்சு. விழுந்தப்போ கூடவே விழுந்தது, ஏறினப்போ கூட ஏற முடியல. அதனால "வி ஷேப் ரிக்கவரி வரும், பாட்டம்ல வாங்குறேன்"ங்கிறது இண்டெக்ஸ் ஃபண்டுக்கு சரி, இதுக்கு இல்ல. ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் பார்க்கணும்னா எஸ் அண்ட் பியோட மட்டும் ஒப்பிடாம பிஎக்ஸ்எம்மோடவும் ஒப்பிடுங்க. எல்லா ஃபண்டும் ஒரே அளவு விக்கிறதும் இல்ல, பிஎஸ்டி மாதிரி சிலது போர்ட்ஃபோலியோல ஒரு பகுதி மேல மட்டும்தான் கால் விக்குது, அது கிட்டத்தட்ட டெக் ஷேர் மாதிரியே ஆடும்.

ஈல்டு (விலைல வருஷப் பட்டுவாடா எத்தனை சதவீதம்ங்கிறது) ஏறுறதை நல்ல சிக்னல்னு எடுத்துக்கிறவங்களும் உண்டு. விலை விழுந்தாலே ஈல்டு ஏறும், அதுல சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. காசு எங்கருந்து வருதுன்னு ஃபண்டு அனுப்புற 19(ஏ) நோட்டீஸ்ல "ரிட்டர்ன் ஆஃப் கேபிடல்" (முதலையே திருப்பித் தர்றது)னு பார்த்ததும் பதறவும் வேண்டாம், இந்த மாதிரி ஃபண்டுல சில சமயம் அது வரிக் கணக்குல வர்ற விஷயம் மட்டும்தான். ஷேர் மார்க்கெட் ஏறுற வருஷத்துலயும் என்ஏவி தேஞ்சுட்டே இருந்தா அப்பத்தான் கவலைப்படணும், சம்பாதிக்கிறதை விட ஜாஸ்தியா பட்டுவாடா பண்றாங்கன்னு அர்த்தம். பட்டுவாடாவைக் குறைக்கிறோம்னு அறிவிச்சா மறுநாள் பெரும்பாலும் கேப் டவுன் (விலை ஒரேயடியா கீழ திறக்கும்), அதை ஆர்எஸ்ஐ மாதிரி எந்த இண்டிகேட்டரும் முன்னாடியே சொல்லாது. ரைட்ஸ் இஷ்யூவும் (இருக்கிறவங்களுக்குப் புது யூனிட் விக்கிறது) அப்படித்தான்.

டிசம்பர்ல ஒண்ணு கவனிங்க, வரிக்காக நஷ்டத்தை புக் பண்றவங்க விக்கிறதால டிஸ்கவுண்ட் அகலமாகி விலை சப்போர்ட்டை உடைக்கலாம், என்ஏவி அசையாம இருக்கும். அதை பிரேக்டவுன்னு எடுத்துட்டு வித்துடாதீங்க. வால்யூம் கம்மியான ஃபண்டுல மார்க்கெட் ஆர்டர்ல ஸ்டாப்லாஸ் (இந்த விலைக்குக் கீழ போனா தானா வித்துடுன்னு வைக்கிற ஆர்டர்) போட்டு வைக்கிறதும் வேண்டாம், ஒரு பெரிய செல் ஆர்டர் வந்தாலே ஸ்டாப் அடிச்சுட்டு விலை பழைய இடத்துக்குப் போயிடும். லிமிட் ஆர்டரே போடுங்க, ஸ்டாப் வேணும்னா என்ஏவி எங்க உடைஞ்சா வெளிய வரணும்னு ஒரு லெவலைக் குறிச்சு வச்சுக்கங்க.