வீட்டிலேயே கிட்டாருக்குப் பெயின்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டாரில் தீட்டிய படம் கெட்டுப்போனால், வரைந்தவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார். ஆனால் பெரும்பாலும் காரணம் படத்துக்கு அடியிலும் மேலேயும்தான் இருக்கும்: தயார் செய்யாத பரப்பு, அவசரமாக அடித்த கிளியர் கோட் (படத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சு).

அதற்கும் முன்னால், எங்கே தீட்டுவது என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். அகூஸ்டிக் கிட்டாரின் முன்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான். கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது அதுவே. அதில் பிரைமர், நாலு கை நிறம், வார்னிஷ் என்று ஏற்றிக்கொண்டே போனால் பலகை பாரமாகி நாதம் மங்கும். அதனால் அகூஸ்டிக் என்றால் பின்பக்கம், பக்கவாட்டு, தலைப்பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முன்பக்கம் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அக்ரிலிக் பேனாவால் மெல்லிய கோட்டோவியம் போதும். திண்ணிய மர உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரில் இந்தக் கவலை இல்லை. கம்பியின் அசைவை, அதன் அடியில் இருக்கும் பிக்கப் என்ற காந்தக் கருவி நேரடியாக எடுத்துக்கொள்கிறது.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-இல் தன் ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாருக்குத் தானே ஒளிரும் பெயின்டும் நகப்பாலிஷும் பூசினார். அதே ஆண்டு ‘தி ஃபூல்’ என்ற ஓவியர் குழு கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிப்சன் எஸ்ஜி கிட்டாரைத் தீட்டியது. அழகான வேலை, ஆனால் வாசிக்க வாசிக்கப் பெயின்ட் உதிர்ந்து, பின்னாளில் செப்பனிட வேண்டி வந்தது. தேர்ந்த ஓவியருக்கும் பிடிமானம் முக்கியம்.

தொழிற்சாலைப் பளபளப்பின் மேல் நேராகத் தீட்டினால் பெயின்ட் நகத்தோடு உரிந்து வரும். மரம் வரை சுரண்டத் தேவையில்லை. 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை லேசாகத் தேய்த்தால் சரி. தேய்த்ததும் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கிய பரப்பின் நடுவே அங்கங்கே மின்னும் திட்டுகள் தெரியும். பெயின்ட் முதலில் உரியப்போவது அங்கேதான், அவற்றை விடக்கூடாது.

தேய்ப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் பரப்பில் மிச்சமிருந்தால், பெயின்ட் அந்த இடங்களில் விலகி வட்டக் குழிகளாக நிற்கும். லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைத் துணியில் தொட்டு, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் துடைக்கலாம். தின்னரும் அசிட்டோனும் வேண்டாம்: பழைய லாக்கர் பூச்சையும் ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையையும் அவை கரைத்துவிடும்.

ஃபிரெட் போர்டு (விரலால் கம்பியை அழுத்தும் பலகை), பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), கம்பி பதியும் பள்ளங்கள் எதிலும் பெயின்ட் படக்கூடாது. கம்பியையும் கழற்ற முடிந்த பாகங்களையும் கழற்றி, மற்றதை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஸ்க்ரூ போட்ட கழுத்து என்றால் அது உடலில் உட்காரும் குழியையும் மறைக்க வேண்டும். அங்கே பூச்சு ஏறினால் கழுத்து சரியாகப் பொருந்தாது. கழுத்தின் பின்புறத்தையும் விட்டுவிடுங்கள், வாசிக்கும்போது கை ஒட்டும்.

படம் முடிந்ததும்தான் பொறுமை அதிகம் தேவை. அக்ரிலிக் தொட்டால் சீக்கிரமே காய்ந்தது போல இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் கிளியர் கோட்டைக் கனமாக ஸ்ப்ரே அடித்தால் நிறம் சுருங்கும், பேனாக் கோடுகள் கசியும். பிரஷ்ஷால் வார்னிஷ் இழுத்தாலும் கோடு கலையலாம். உபயோகிக்கப்போகும் அதே பேனா, அதே ஸ்ப்ரே இரண்டையும் ஒரு வேண்டாத பலகையில் சோதித்துவிடுங்கள். அப்புறம் கிட்டாரில் முதல் கையைப் பனி படிவது போல மெல்லியதாக அடித்து, காயவிட்டு, அடுத்ததை ஏற்றலாம். மழைநாளில் லாக்கர் அடிக்கவே வேண்டாம், காற்றின் ஈரத்தால் பூச்சு வெளுத்துவிடும். மூச்சுக்கவசம் கட்டாயம்.

மூக்கை அருகே கொண்டுபோனால் இன்னும் நெடி வருகிறதா? அப்படியானால் பூச்சு முழுதாக இறுகவில்லை. பாகங்களைத் திருப்பி மாட்டினாலோ ஸ்டாண்டில் சாய்த்தாலோ அச்சு விழும். பிக்கார்டு (உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) மறைக்கும் இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் சில நாள் தொங்கவிடுங்கள்.

விலைமதிப்புள்ள பழைய கிட்டாரில் மட்டும் இதையெல்லாம் முயலாதீர்கள். அசல் பூச்சு போனால் அதன் மதிப்பும் பெருமளவு போய்விடும்.